பற்று, வரவு

ஐந்தாம் தேதி காலை
ஊருணிப் படியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.
போன் ஒருமுறை அதிர்ந்தது.
ரூ. 1,500 வரவு.
எதற்கு என்ற இடம் காலி.

பெயர் பதிய வந்த பெண் முன்பே சொல்லியிருந்தாள்,
குலுக்கலில் விழுந்தால் இரண்டு வருஷம்,
கேள்வி கிடையாது என்று.
கேள்வி இல்லாத பணத்தை
நான் அதுவரை கண்டதில்லை.
முதல் மாதம் தொடவில்லை.
கொடியோடோ கேமராவோடோ
யாராவது வருவார்கள் என்று இருந்தேன்.
அடுத்த ஐந்தாம் தேதிதான் வந்தது.

புதுவயலில் நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.
(பற்று: பதினைந்து. முதல் செலவே
செலவை எழுத.)
மேலே பிள்ளையார் சுழி, நடுவே கோடு.
கணக்கு எழுதியே கடல் தாண்டிய சீமை இது.
தம்பிடி வட்டியும் தப்பவிடாத விரல்கள்
கட்டிய வீடுகளில்தான்
நான் பந்தி பரிமாறுகிறேன்.
நாளைக்கு ஒருவர் கேட்டால்
காட்ட வேண்டாமா?

மெய்யர் கேட்டரிங்கில் ஆறு வருஷம்.
"பூமி, ஏழு மணிக்கு வண்டி" என்பார்.
பதில் சொல்லும் முன் வைத்துவிடுவார்.
இலைக்கு இலை கவுனி அரிசி வைப்பேன்.
மிச்சத்தை நாங்கள் தின்னும்போது
தேங்காய்த் துருவல் நேராகப் போய்
இடது கடைவாய்க் குழியில் உட்காரும்.
இரண்டு வருஷமாக வலது பக்கத்து ஆள் நான்.

காரைக்குடி டாக்டர் நாலு தடவை வா என்றார்.
மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் இடையே
ஒரு ஐந்தாம் தேதி வர வேண்டியிருந்தது.
நாலாவது, சனிக்கிழமை.
பள்ளத்தூரில் ஆயிரம் இலைக் கல்யாணமும் அன்றுதான்.

"இல்லண்ணே. வரல."

சொன்னது என் வாயா என்று
பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.
ஏச்சுக்காகப் போனைக் காதிலிருந்து
நாலு விரல் தள்ளிப் பிடித்தேன்.
மெய்யர் கேட்டார்:
"சரி, எவ்வளவுதாண்டா வேணும்?"
நான் பல்லைப் பற்றித்தான் பேசினேன், சத்தியமாக.
அடுத்த முகூர்த்தத்திலிருந்து
நானூற்றைம்பது ஐநூற்றைம்பது ஆனது.

சட்டைப் பையில் தானே கைவிட்டு எடுக்கும் அப்பா
ஒருநாள் நிலைப்படியில் நின்று
எழுநூறு இருக்குமா என்று கேட்டார்.
பணம் திரும்பி வரவில்லை.
அப்படிக் கேட்டாரே,
அதைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் எழுதுவது?

கூரை இன்னும் ஒழுகுகிறது.
இரண்டு அரியரில் ஒன்று தேறியது,
மற்றது என்னைப் போலவே பிடிவாதம்.
அருள்முருகனுக்குக் குலுக்கலில் விழவில்லை.
ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே சாம்பார் வாளி.
ஐந்தாம் தேதி என்னோடு டீக்கடைக்கு வரமாட்டான்.
ஆறாம் தேதி வருவான்.
அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

ஆடியில் கல்யாணம் இல்லை.
சும்மா கிடந்த ஒரு புதன்கிழமை
தொண்டிக்கு பஸ் ஏறினேன்.
அங்கே யாரையும் தெரியாது.
கடல் அலையில்லாமல் கிடந்தது,
எங்கள் ஊருணிக்குப் பெரியப்பன் மாதிரி.
மணலில் உட்கார்ந்து வறுத்த மீன் தின்றுவிட்டு
கடைசி வண்டியில் திரும்பினேன்.
பற்று: நூற்று எண்பத்தாறு.
எதற்கு என்ற இடத்தில் "சும்மா" என்று எழுதினேன்.
அடித்தேன்.
அடித்ததன் பக்கத்தில் மறுபடி "சும்மா" என்றே எழுதினேன்.

இருபத்து நான்கு வரவுகள் முடிந்தன.
கணக்குக் கேட்டு ஒருவரும் வரவில்லை.
ஐந்தாம் தேதி காலையில் இப்போதும்
கை தானாகப் போனைத் தேடுகிறது.
பூவந்திக்கு ஓர் ஓடர் என்று மெய்யர்தான் கூப்பிடுகிறார்.
கூலி கேட்டுவிட்டுத்தான் சரி சொல்கிறேன்.

போன வாரம் அருள்முருகன்
நோட்டை எடுத்துப் புரட்டினான்.
பல் டாக்டர் பக்கத்தைத் தாண்டினான்.
அப்பாவைத் தாண்டினான்.
தொண்டியில் நின்றான்.

"என்ன மீனுடா?"

சங்கரா என்றேன்.

"முள்ளு?"

இருந்தது.
இடது பக்கமே மென்றேன்.